பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டு விமானப் பயணம்: நுழைவு விதிகளுக்கு எப்படித் தயாராவது?

கோவிட் காலத்தில் வெளிநாட்டுக்குப் பறக்க நுழைவு விதிகளுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊரிலிருந்து எந்த நாட்டுக்கு என்று கேள்வியில் இல்லை. எனக்குத் தெரிந்த வழியை வைத்துச் சொல்கிறேன். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். 2022 மார்ச் 27 அன்று இந்தியா வழக்கமான விமானங்களை மறுபடி விட்டது, ஏப்ரல் 1 அன்று மலேசியா எல்லையைத் திறந்தது. இரண்டு வருடமாய் ஊர்ப்பக்கம் போகாதவர்கள் சுற்றுத் தோட்டங்களிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் கிளம்பினார்கள். பாரம் (படிவம்) நிரப்ப, பிரிண்ட் எடுக்க எல்லாம் என் கடைதான்.

முதலில் ஒரு விஷயம். உங்களை விமானத்தில் ஏற்றலாமா என்று முதலில் பார்க்கிறவர் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் விமான நிலையத்தின் செக்-இன் முகப்பில் உட்கார்ந்திருப்பவர். திருச்சிக் குடிநுழைவு அதிகாரியின் முறை அதற்கு அப்புறம்தான். எந்த நாட்டுக் கடப்பிதழுக்கு எந்த நாட்டில் என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் டிமாட்டிக் தரவுத்தளம் சொல்லிவிடும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைத்தான் பார்க்கின்றன. நுழைய முடியாத ஆளை ஏற்றிப் போனால் அந்த நிறுவனமே திருப்பிக் கூட்டி வர வேண்டும், அபராதமும் விழலாம். அதனால் அங்கே போய்க் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கிளம்பாதீர்கள். போகிற நாட்டின் அரசுப் பக்கத்தையும் விமான நிறுவனத்தின் பக்கத்தையும் டிக்கெட் வாங்குமுன் ஒருமுறை, பறப்பதற்கு முதல் நாள் இன்னொருமுறை பாருங்கள். விதி அவ்வளவு வேகமாக மாறும். ஏப்ரலில் மலேசியாவுக்குத் திரும்பியவர் தடுப்பூசியெல்லாம் போட்டிருந்தாலும், அங்கே கிளம்புவதற்கு இரண்டு நாளுக்குள் பிசிஆர் (லேப்பில் பார்க்கும் கோவிட் பரிசோதனை) எடுக்க வேண்டும், இங்கே இறங்கி 24 மணி நேரத்துக்குள் ஆர்டிகே (உடனே முடிவு சொல்லும் துரிதப் பரிசோதனை) எடுக்க வேண்டும். மே 1 முதல் தடுப்பூசி முடித்தவருக்கு இரண்டுமே இல்லை. "ரெண்டு ஊசியும் போட்டாச்சு, திரும்பி வரவும் மூக்குல குச்சியா தம்பி?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நான் என்ன செய்ய?

அடுத்தது நேரக் கணக்கு. பலர் தடுமாறுவது இங்கேதான். இந்தியா கேட்டது, புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். (2022 பிப்ரவரியில் சில நாடுகளிலிருந்து வருபவர்களுக்குத் தடுப்பூசிச் சான்றிதழே போதும் என்று தளர்த்தினார்கள்.) 72 மணி என்பது மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணுவது. முடிவு வந்த நேரத்துக்கு இதில் வேலை இல்லை. வெள்ளி இரவு பத்து மணிக்கு விமானம் என்றால் செவ்வாய் இரவு பத்துக்கு முன் எடுத்தது செல்லாது. ஆகவே புதன் காலை போக வேண்டும். சின்ன டவுன் கிளினிக்கில் மூக்கில் எடுத்ததை வெளியூர் லேப்புக்குத்தான் அனுப்புவார்கள். இன்று மதியம் வண்டி போய்விட்டதென்றால் உங்கள் மாதிரி நாளைக்குத்தான் போகும். எத்தனை மணிக்கு அனுப்புகிறார்கள், முடிவு எப்போது வரும் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். இடையில் ஹரிராயா மாதிரி விடுமுறை வந்தால் நேராகப் பக்கத்துப் பெரிய நகரமான ஈப்போவுக்கே போய்விடுவது நல்லது. இங்கிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், விலை குறைவு என்று ஆர்டிகே எடுத்துவிட்டு வராதீர்கள். பிசிஆர் கேட்கிற இடத்தில் அது காகிதமே இல்லை. நோய் வந்து குணமானவருக்குக்கூட பிசிஆர் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டலாம். அப்படிப்பட்டவர்கள் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

பெயர் விவகாரம் நம்மவர்களுக்கென்றே பிறந்தது. ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) 'லெட்சுமி ஏ/பி கருப்பையா' என்று இருக்கும், ஏ/பி என்றால் 'மகள்'. டிக்கெட் கணினி அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஒரு டிக்கெட்டில் 'ஏபி' ஒட்டிக்கொண்டு வரும், இன்னொன்றில் காணாமலே போகும். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியாக இருக்க, இந்தியப் பாரம் குடும்பப் பெயர் என்ன என்று தனிக் கட்டம் போட்டுக் கேட்கும். நான் செய்தது இதுதான்: கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடும். அதைப் பார்த்து டிக்கெட், பரிசோதனை முடிவு, பாரம் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி போட்டேன். கிளினிக்கில் பழக்கதோஷத்தில் ஐசி எண்ணைத்தான் எழுதுவார்கள். கடப்பிதழ் எண்ணும் வேண்டும் என்று மாதிரி எடுக்கும்போதே சொல்லுங்கள். முடிவு வந்தபின் திருத்தக் கேட்டால் அரை நாள் போய்விடும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் நிரப்பிய ஏர் சுவிதா என்ற இணையப் பாரம் 2022 நவம்பரில் ஒழிந்தது. அது இருந்தவரை இருக்கை எண், கடந்த 14 நாளில் போன நாடுகள் வரை கேட்டது. இந்த மாதிரிப் பாரத்தைக் கடைசி இரவில் நிரப்பாதீர்கள், கடப்பிதழையும் பரிசோதனை முடிவையும் முன்பே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். கைப்பேசியில் இருந்தாலும் ஒரு பிரிண்ட் கையில் இருக்கட்டும். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, வரிசையில் நிற்கும்போது பேட்டரி செத்துப்போனவர்கள் உண்டு. கைப்பேசியே இல்லாத பெரியவர்களைப் பிள்ளைகளின் மைசெஜாத்ராவில் (மலேசிய அரசின் கோவிட் செயலியில்) சார்ந்திருப்பவராகச் சேர்க்க முடிந்தது. பல பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

கொழும்பு, சிங்கப்பூர் வழியாக மாறிப் போகிறவர்கள் தனித்தனி டிக்கெட் வாங்காதீர்கள். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வெளியே வர வேண்டியிருந்தால் அந்த நாட்டு நுழைவு விதியும் உங்கள் தலையில் விழும்.

இப்போது பரிசோதனை இல்லை, ஆனால் பாரம் போகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து உறவினரை அழைக்கிறீர்கள் என்றால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை வந்து சேருமுன் மூன்று நாளுக்குள் அவர்கள் நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் அது இலவசம். காசு கேட்கிற பக்கம் திறந்தால் மூடிவிடச் சொல்லுங்கள்.