மாமா தந்த அட்டை: விற்பதா, வைத்திருப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் இருந்த என் தாய்மாமா, 1986இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையை எனக்குத் தந்தார். அது முப்பது ஆண்டுகளாக ஆல்பத்திலேயே இருக்கிறது. மகள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேரவிருப்பதால் விற்றுவிடலாம் என்கிறேன். விலை இன்னும் ஏறும், பொறுத்திரு என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சகோதரி, விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையை முதலில் சோதித்துப் பாருங்கள். இதே அட்டை, அட்டைகளைத் தரம் பார்க்கும் நிறுவனங்கள் தரும் உச்சத் தரமான 10 புள்ளிகளுடன், 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டே அதே தரத்து அட்டைகளின் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. நம் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் கணக்குப் பார்க்கும்போது இன்னொரு மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. 2011இல் சுமார் 7 ராண்டாக இருந்த டாலர் 2024இல் 18 ராண்டு அளவுக்கு வந்துவிட்டதால், டாலர் விலையில் அசையாமல் கிடந்த பொருள்கூட நமக்கு இரண்டரை மடங்கு ஏறியதாகத் தோன்றும். அது அட்டையின் உயர்வு அன்று, ராண்டின் வீழ்ச்சி.

அடுத்தது அட்டையின் நிலை. விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்: சிவப்பும் நீலமுமாக ஓடும் ஓரங்களில் மாவு ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அங்கே மை உதிர்ந்திருக்கிறது, 10 கிடைக்காது. டர்பனின் கடற்காற்று ஈரம் அட்டையை வளைத்தும் விடும். போலிகள் மலிந்த அட்டை இது என்பதால், அமெரிக்கத் தர நிறுவனம் ஒன்றின் சான்று இல்லாமல் நல்ல விலை கேட்பது கடினம்; கூரியர், காப்பீடு, ஏலத் தரகு ஆகியவற்றைக் கழித்துவிட்டே கையில் நிற்கும் தொகையை எண்ணுங்கள். சொந்தமாக வைத்திருந்த பொருளை விற்பதற்கு நம் நாட்டில் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

விற்றுவிடுங்கள் என்பதே என் முடிவு. தரச் சான்று பெற்ற இத்தகைய அட்டைகள் உலகில் ஆயிரக்கணக்கில் உள்ளன. பிற்காலத்தில் மனம் கேட்டால் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மகள் சேரவேண்டிய ஆண்டு திரும்ப வராது. தரம் பார்ப்பதற்கும் ஏலத்திற்கும் மாதக்கணக்கில் ஆகும்; ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இந்த மாதமே அனுப்பிவையுங்கள்.