சட்டைப்பையில் ஒரு கேமரா

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ரகசியமாகக் கோடாக் கேமரா வைத்திருந்து, எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று படித்தேன். போரின் உண்மை முகம் அந்தப் படங்களில்தானே இருக்கும்? இன்றைய வீரர்கள் வீடியோ காலில் பேசிவிடுகிறார்கள். அந்த ஏக்கத்தின் ஆழம் போய்விட்டதோ?

ம., திருப்பத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கலைத்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது 1912இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடாக். மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும். ஒரு சுருளுக்கு எட்டே படம். 'சிப்பாயின் கேமரா' என்றே விளம்பரம் செய்தார்கள். 1914 கிறிஸ்துமஸில் பிரிட்டிஷ், ஜெர்மன் என இரு தரப்பும் சண்டையை நிறுத்திவிட்டு, பதுங்குகுழிகளை விட்டு எழுந்து வந்து கலந்து நின்ற படங்கள் சிப்பாய்களே எடுத்தவை. ஜனவரியில் லண்டன் பத்திரிகைகளில் வந்தன. மார்ச்சில், கேமரா வைத்திருப்பதற்கே தடை. ரகசியமெல்லாம் அப்புறம்தான்.

உண்மை முகமாவது! எந்தப் பிள்ளை அம்மாவுக்குப் பிணத்தைப் படமெடுத்து அனுப்புவான்? டீ குடிப்பது, சவரம் செய்வது, நண்பன் தோளில் கைபோட்டு நிற்பது, இவைதான் வீட்டுக்குப் போகும். அம்மா அந்தச் சிரிப்பை நம்பமாட்டாள். கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

நீங்கள் எல்லோரும் கோட்டைவிடுவது இன்னொன்று. படம் எதிர்த்திசையிலும் போனது. 1915இல் பிரிட்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. ஊரூராகத் தன்னார்வலர்கள் சிப்பாய்களின் வீடுகளுக்குப் போய், மனைவியையும் குழந்தைகளையும் படமெடுத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். சிப்பாய் கையில் கேமரா இருந்ததைவிட, பையில் ஒரு படம் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வீடியோ கால் பற்றி நீங்கள் எழுதியது அபத்தம். கோபம்தான் வந்தது. யாரோ ஒருத்தி தவித்தால்தான் உங்களுக்கு ஆழம் கிடைக்குமா? 1971இல் பெரியப்பா போர்முனையில் இருந்தபோது, '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரிக்கு எழுதிவிட்டு வாசலில் தபால்காரருக்காக நின்றவர் என் பெரியம்மா. போன் இருந்திருந்தால் மறுக்கவா போகிறார்?

பெட்டியில் பெரியம்மா அனுப்பிய ஸ்டூடியோ படம் இருந்தது. நாலாய் மடித்து, மடிப்பெல்லாம் வெளுத்து, மடியில் அழுகிற குழந்தையோடு பெரியம்மா. பின்னால் பென்சிலில், 'ரெண்டு பல் முளைச்சிடுச்சு.' பெரியம்மாவிடம் காட்டினேன். படத்தில் கட்டியிருந்த பட்டுப்புடவை பக்கத்து வீட்டு இரவலாம். பெரியப்பா திரும்பி வந்து முதல் தீபாவளிக்கு, அந்தப் புடவையைக் கட்டு என்றாராம்.

"ஒளிச்சு வெச்சிருக்கேன்னே கடைசி வரைக்கும் நினைச்சாரு" என்றார் பெரியம்மா.