தோல் சிவந்தால் தேய்க்கலாமா?

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு வாலெலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடலாமா?

பதில்: தேய்க்கவே வேண்டாம். அடியில் நைந்திருக்கும் சதை இன்னும் சிதையும். சிவந்த இடத்தை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. உடனே நர்ஸிடம் காட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுப் பாருங்கள்.

மருத்துவமனையில் படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்க, பிரேடன் அளவுகோல் என்று உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 23, பொதுவாக 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

சிவந்த இடம் அழுந்தாதபடி அம்மாவை 2 மணிக்கொரு முறை 30 டிகிரி சாய்வாகத் திருப்புங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். இழுக்காதீர்கள், தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை மட்டும் வேண்டாம். சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.