தவக்காலத்தில் நோன்பிருந்து ஜெபித்தும் மனம் உருகவில்லையே, ஏன்?

மீனையும் இறைச்சியையும் விட்டு, வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் போய், தாவீது அரசர் தன் பாவத்துக்காக வருந்திப் பாடிய திருப்பாடல் 51-ஐ மனப்பாடமாகச் சொல்லியும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமோ சொல்ல வேண்டியதை நீங்கள் கடவுளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் குழித்துறைப் பக்கம். பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியத்தில் ஜெபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டாள். அந்த வாரக் கூட்டத்தில், "பெற்றோரின் கண்ணீரை மதியாமல் வழிதவறிப்போன பிள்ளைகளுக்காக" என்று குரலைத் தாழ்த்தி மன்றாட்டுச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அந்த அக்காவும் சேர்ந்துதான் பதில் சொன்னார். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று அதற்கும் ஜெபித்தேன். லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், தன்னை நேர்மையானவராக எண்ணிய பரிசேயர், 'இவரைப்போல் நான் இல்லை' என்று வரிதண்டுபவரைக் காட்டி ஜெபித்தார். நான் அடுத்த வீட்டைக் காட்டி ஜெபித்தேன்.

மறு தவக்காலத்தில், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தின்போது வழக்கமானவற்றோடு இதையும் கடைசியில் சேர்த்தேன். "அவரிடம் போய்ச் சொன்னீர்களா?" என்று மட்டும் குருவானவர் கேட்டார்.

'உமக்கு எதிராகத்தானே பாவம் செய்தேன்' என்று அந்தத் திருப்பாடலில் தாவீதே கடவுளிடம் சொல்கிறாரே, மனிதரிடம் எதற்குப் போக வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் தாவீது அதைப் பாடும்போது, அவர் யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டாரோ அந்த உரியா உயிரோடு இல்லை. மன்னிப்புக் கேட்க ஆளே இல்லாதபடி உரியாவைக் கொல்லவைத்தவரே தாவீதுதான். நம் ஆள் அடுத்த வீட்டில் இருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 1459-ஆம் எண்ணில், பிறருடைய நற்பெயரைக் கெடுத்தவர் அதைச் சீர்செய்ய வேண்டும் என்கிறது.

ஐந்து நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். அக்கா பின்வாசலில் மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. தவறு செய்துவிட்டேன் என்று மட்டும் நின்றபடியே சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை. "அந்த ஜெபத்துக்கு என் வாயாலேயே பதில் சொல்ல வைத்தாய், மக்களே" என்றார். பிறகு தோலைக் கூட்டி முறத்தில் அள்ளினார். 'நொறுங்கிய உள்ளம்' என்று அந்தத் திருப்பாடலில் அத்தனை வருடம் வாயால் சொன்னதை அங்கேதான் அறிந்தேன்.

    

அடுத்த அன்பியக் கூட்டத்தில், அந்த மன்றாட்டைக் கேட்ட அதே குடும்பங்களுக்கு முன்னால், அன்று நான் ஜெபித்தது ஜெபமே இல்லை என்று சொன்னேன். அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. இன்றுவரை எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அவர் வந்ததில்லை. எங்கள் முறை வரும்போதெல்லாம் நான் நேரில் போய் அழைக்கிறேன்.