பீரைச் சுவைத்து எழுதுவது எப்படி? சில கேள்விகள், பதில்கள்

கிராஃப்ட் பீர், அதாவது சிறிய ஆலைகளில் காய்ச்சும் பீர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பெங்களூரு): இங்கே ஒரு மைக்ரோபுரூவரியில் ஹெஃபவைசன் என்ற கோதுமை பீர் குடித்தேன். அப்பட்டமான வாழைப்பழ வாசனை. எசன்ஸ் ஏதாவது கலக்கிறார்களா, சார்?

பதில்: எசன்ஸ் வேண்டியதே இல்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை. பவேரியா கோதுமை பீருக்கென்றே இருக்கும் ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட்டை உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு மணம் தருவதும் இதே சேர்மம்தான். இன்னொரு மடக்கு குடித்துவிட்டு மூச்சை மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள், கிராம்பு மணமும் வரும். அதுவும் ஈஸ்ட் தருவதுதான். நொதிக்கும் சூடு கூடினால் பெரும்பாலும் வாழைப்பழம் தூக்கலாகிவிடும். நல்ல ஹெஃபவைசனில் இரண்டும் தெரிய வேண்டும். வாழைப்பழம் மட்டுமே முன்னால் நின்றால் அதை விமர்சனத்தில் எழுதுங்கள், அது நியாயமான குறை.

கேள்வி (கோவை): எல்லா விமர்சனத்திலும் 'பைன்', 'கிரேப்ஃப்ரூட்' என்று வருகிறது. கிரேப்ஃப்ரூட்டை நான் பார்த்ததுகூட இல்லை. நான் என்ன எழுதுவது?

பதில்: உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பார்க்காத பழத்தின் பெயரை எழுதினால் அது அடுத்தவருடைய விமர்சனம். கிரேப்ஃப்ரூட் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் நமக்குப் பம்பளிமாஸ் தோல் இருக்கிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ ஹாப்ஸ். அதில் கேஸ்கேட் என்ற அமெரிக்க வகை 1972இல் வெளிவந்தது. அதை வைத்து 1980இல் சியரா நெவாடா ஆலை தயாரித்த பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பீர்தான் இந்த மணத்தைப் பீர் உலகத்துக்குப் பழக்கியது. சிட்ரா ஹாப்ஸில் மாம்பழமும் லிச்சியும் வரும். பைன் மணம் வேண்டுமென்றால் ஊட்டியில் ஒரு பைன் ஊசியிலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். ஸ்டவுட் என்ற கருநிறப் பீரில் டிகாக்ஷனும் கருப்பட்டியும் தேடுங்கள்.

நமக்குச் சாதகமான பீர் ஒன்றும் உண்டு: பெல்ஜியத்தின் விட்பியர். அதில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். அழிந்துபோன அந்த வகையை ஹூகார்டன் ஊரில் 1966இல் பியர் செலிஸ் என்பவர் மீட்டெடுத்தார். தனியா வறுத்த சமையலறையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கேள்வி (சென்னை): எனக்குக் கசப்பே ஆகாது. ஒரு ஐ.பி.ஏ.வுக்கு (இந்தியா பேல் ஏல்) ஐந்துக்கு இரண்டு போட்டேன். நண்பர் சண்டைக்கு வருகிறார். நான் செய்தது தப்பா?

பதில்: நண்பர் பக்கம்தான் நான். ஐ.பி.ஏ. கசக்க வேண்டிய பீர். கசக்கிறது என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் படிப்பவருக்கு உங்கள் நாக்கைப் பற்றித் தெரியுமே தவிர, பீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பீர் என்னவாக இருக்க நினைத்தது, அதுவாக வந்திருக்கிறதா என்பதுதான்.

ஒரு உதாரணம். லேசான வெண்ணெய் மணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது டைஅசிடைல். செக் நாட்டுப் பில்ஸ்னர் என்ற பொன்னிறப் பீரில் கொஞ்சம் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஜெர்மன் பில்ஸில் அதே மணம் குறை. புளிப்பும் அப்படித்தான். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் என்ற பீர் வகையில் புளிப்பு இல்லாவிட்டால்தான் தவறு, நாம் வழக்கமாகக் குடிக்கும் லேகரில் புளித்தால் பீர் கெட்டுவிட்டது.

பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பு 50 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, ஒட்டுமொத்தம் 10. நிறத்துக்கும் நுரைக்கும் சேர்த்தே மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று அள்ளிப் போடுகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். பிடித்ததா இல்லையா என்பதையும் தாராளமாக எழுதலாம், ஆனால் கடைசியில், தனி வரியில்.

கேள்வி (திருச்சி): ஐ.பி.ஏ. இந்தியாவுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் மதுவாலை, கிழக்கிந்தியக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கம். அங்கிருந்து பேல் ஏல் இந்தியாவுக்கு ஏற்றுமதியானது. வெப்ப நாடுகளுக்குப் போகும் பீரில் ஹாப்ஸைக் கூட்டிப் போடும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. கருநிறப் போர்ட்டரும் இங்கே வந்து சேர்ந்ததே, அதனால் வேறு பீர் பயணத்தைத் தாங்காது என்ற கதை நிற்காது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் ஆலைகள் போட்டிக்கு வந்தன. அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டும், அதனால் அவர்கள் ஜெயித்தார்கள். இன்று மைக்ரோபுரூவரியில் கிடைக்கும் ஐ.பி.ஏ. பெரும்பாலும் அமெரிக்க வழி வந்தது. வாங்கும்போது கேனில் அடைத்த தேதியைப் பாருங்கள், ஹாப்ஸ் மணம்தான் முதலில் போகும்.

கேள்வி (சிங்கப்பூர்): மேசையில் உட்கார்ந்ததும் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: கிளாஸிலிருந்து ஆரம்பியுங்கள். பீர் ஊற்றியபின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால், அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சம் இருக்கிறது. வேறு கிளாஸ் கேளுங்கள். சாய்த்துப் பிடித்துப் பாதி ஊற்றி, நிமிர்த்தி மீதியை ஊற்றினால் இரண்டு விரல் உயரம் நுரை நிற்கும். உடனே முகருங்கள், சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். முகர்ந்ததை எழுதிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். ஒரு மடக்கை நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம், எந்த மாதிரிக் கசப்பு நிற்கிறது என்பது பீரில் முக்கியம்.

ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தால் எதுவும் தெரியாது. லேகருக்கு 5 டிகிரி சரி, ஸ்டவுட்டுக்கு 12 வரை போகலாம். நாலு வகை என்றால் 100 மி.லி. அளவில் வாங்கி, லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள். சில்லி சிக்கனைப் பிறகு சொல்லுங்கள். காரம் ஏறிய நாக்கில் கசப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: பச்சை பாட்டில் பீரில் கந்தக நெடி வந்தது. கெட்டுப்போனதா?

பதில்: வெளிச்சம் பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது ஒளி விழுந்தால் அந்த நெடி வரும். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், கேன் முழுதாகத் தடுக்கும். மற்ற குறைகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்று பட்டுப் பழசானது, வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதிக்க வைத்ததில் கோளாறு இருக்கலாம், பச்சை ஆப்பிள் என்றால் பெரும்பாலும் முதிரும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: கருப்பாக இருந்தால் ஸ்ட்ராங் தானே, அண்ணா?

பதில்: இல்லை தம்பி. கருப்பான கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். பொன்னிறமான வெஸ்ட்மால் டிரிப்பெல் 9.5.

கேள்வி (கொழும்பு): எங்கள் லயன் ஸ்டவுட்டை வெளிநாட்டுக்காரர்கள் புகழ்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: புகழ்ச்சிக்குத் தகுதியான பீர், நானும் அதன் ரசிகன். ஆனால் கின்னஸ் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அயர்லாந்து ஸ்டவுட் வறண்டது, இது 8.8 சதவீதத்தில் இனிப்பும் கனமும் சேர்ந்தது. 'டிராப்பிகல் ஸ்டவுட்' என்ற தனி வகையில் வைக்கிறார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். முதலில் டிகாக்ஷன், அப்புறம் பேரீச்சை, கடைசியில் கருப்பட்டி என்று வரிசையாக வரும். இருவராகப் பகிர்ந்தால் போதும்.

கேள்வி (பிரஸ்ஸல்ஸ்): கான்டியோன் ஆலையில் கஸ் வாங்கினேன். குதிரை லாய வாசனை, புளிப்பு. இதை எப்படி மதிப்பிடுவது?

பதில்: கான்டியோனில் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் தலைசிறந்த இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அங்கே ஈஸ்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை அகலமான செம்புத் தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள், காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன. குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வருடம் பீப்பாயில் இருந்த லாம்பிக்குகளைக் கலந்தால் கஸ். அந்த லாய வாசனை பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டுடையது, அங்கே இருக்க வேண்டியதுதான். புளிப்பு எலுமிச்சைபோலத் தெளிவாக இருக்கிறதா, வினிகர்போலத் தொண்டையைச் சுடுகிறதா என்று பாருங்கள். முன்னது சிறப்பு, பின்னது அதிகமானால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். இரண்டாவது பாட்டில் இருந்தால் இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் நன்றாகவே இருக்கும், இப்போது எழுதிய குறிப்போடு அன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.