விமானத்தில் மின்னல் பாய்ந்தால்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஒரு மாலை விமானத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். இறங்கத் தொடங்கியபின், மேகத்துக்குள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும் கூடவே பெரும் வெடிச்சத்தமும் எழுந்தன. விமானம் ஒருமுறை குலுங்கியது. பிறகு வழக்கம்போல் தரையிறங்கியது. மின்னல் தாக்கியதாக விமானி பின்னர் அறிவித்தார். அதே விமானத்தில் சென்னை செல்லவேண்டியவர்களைப் பல மணி நேரம் காக்கவைத்தார்கள். என் மைத்துனர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பறக்கும் விமானத்துக்கு எர்த் கிடையாது, ஆகவே அதில் மின்னல் பாயவே பாயாது என்று அடித்துச் சொல்கிறார். உண்மையில் நடந்தது என்ன? நாங்கள் பிழைத்தது அதிர்ஷ்டமா? இனி இறக்கைக்கு அருகில் உட்காராமல் இருப்பது நல்லதா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

உங்கள் மைத்துனரின் தர்க்கம் மின்கம்பத்துக்குச் சரி, மேகத்துக்குச் செல்லாது. மின்னல்களில் பெரும்பாலானவை தரையைத் தொடுவதே இல்லை. ஒரே மேகத்தினுள் நேர் மின்னூட்டம் திரண்ட பகுதிக்கும் எதிர் மின்னூட்டம் திரண்ட பகுதிக்கும் இடையிலேயே அவை பாய்ந்து முடிந்துவிடுகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே முப்பது நாற்பது மீட்டர் நீளமுள்ள உலோகக் கூடு ஒன்று நுழையும்போது, எர்த் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை.

பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. விமானங்களில் பாயும் மின்னல்களில் பத்துக்கு ஒன்பது, விமானம் அங்கே வந்திராவிட்டால் தோன்றியே இருக்காது. மேகத்தின் வலுவான மின்புலத்துக்குள் விமானம் புகுந்ததும் அதன் உலோக உடலிலுள்ள மின்னூட்டங்கள் இரு பக்கமாகப் பிரிந்து ஒதுங்குகின்றன. மூக்கு, இறக்கை நுனி, வால் போன்ற கூரிய இடங்களில் மின்புலம் பல மடங்காகிக் காற்றையே கடத்தியாக்கிவிடுகிறது. அங்கிருந்து ஒரு கீற்று முன்னோக்கியும் மற்றொன்று எதிர்த்திசையிலும் கிளம்பி மேகத்தின் இரு பகுதிகளைத் தேடிச் செல்கின்றன. அவை போய்ச் சேர்ந்ததும், விமானம் மின்னல் ஓடும் பாதையின் நடுத்துண்டாகிவிடுகிறது.

இது ஏட்டளவிலான ஊகமல்ல. நாசா 1980 முதல் 1986 வரை எஃப்-106பி என்ற போர்விமானம் ஒன்றை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் செலுத்தி, 700 முறைக்கு மேல் மின்னல் வாங்கவைத்து அளந்து பார்த்தது. எல்லா வாங்கலுக்குப் பிறகும் அந்த விமானம் பத்திரமாகத் திரும்பியது. அதற்கு முன்பே, 1969 நவம்பர் 14 அன்று மழைமேகத்துக்குள் ஏறிய அப்பல்லோ 12, கிளம்பிய முதல் நிமிடத்துக்குள் இருமுறை மின்னலுக்கு ஆளானது. அந்த நேரத்தில் அவ்விடத்தில் இயற்கையாக மின்னல் எதுவும் இல்லை. ராக்கெட்டும் அதன் நீண்ட நெருப்பு வாலும்தான் அதை வரவழைத்தன.

இனி உங்கள் விமானம். வழக்கமான ஒரு மின்னலின் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். விமானங்களைச் சோதிக்கும்போது 2 லட்சம் ஆம்பியரை அளவுகோலாகக் கொள்கிறார்கள். நம் வீட்டில் ஏசி மாட்டும் ப்ளக் தாங்குவது 15 அல்லது 16 ஆம்பியர். மின்னலின் அவ்வளவு மின்னோட்டமும் விமானத்தின் அலுமினியத் தோலின் வழியாகவே ஓடி மறுமுனையில் வெளியேறிவிடுவதால் உள்ளே இருப்பவரைத் தொடுவதில்லை. சூழ்ந்திருக்கும் கடத்தி உள்ளிருப்பதைக் காக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இலேயே ஒரு கூண்டு கட்டிக் காட்டிவிட்டார்.

ஆனால் மின்னல் ஒரே இடத்தில் நின்று பாய்வதில்லை. அதன் பாதை காற்றில் ஏறத்தாழ அசையாமல் நிற்க, விமானம் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அரை நொடி நீடிக்கும் மின்னலுக்குள் அது தன் நீளத்தைவிட அதிகத் தொலைவு நகர்ந்துவிடும். எனவே மூக்கருகே பற்றிய மின்னல் உடலோடு பின்னோக்கித் தாவித் தாவிப் பற்றுகிறது. இறங்கியபின் விளக்கடித்துப் பார்க்கும் பொறியாளருக்கு, பெயின்ட் கருகி, ரிவெட்டுகளின் தலை உருகி, வரிசையாகச் சிறு குழிகள் தென்படும். வாலின் அல்லது இறக்கையின் பின்விளிம்பில் மின்னல் கடைசியாகத் தொங்கி நிற்பதால் அங்கே ஒரு மூலை உருகிப்போயிருப்பதும் உண்டு. எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று இரண்டு முனையையும் கண்டுபிடிக்காமல் விமானத்தை விடமாட்டார்கள். சென்னைப் பயணிகள் காத்திருந்தது இதற்காகத்தான்.

அதிர்ஷ்டமா என்று கேட்டிருந்தீர்கள். 1963இல் கேட்டிருந்தால் ஓரளவு ஆம் என்றிருப்பேன். அவ்வாண்டு டிசம்பர் 8 இரவு, போர்ட்டோ ரிக்கோவின் சான் வானிலிருந்து பால்டிமோர் வழியாக ஃபிலடெல்ஃபியா சென்ற பான் ஆம் 214, ஒரு போயிங் 707, மோசமான வானிலையால் இறங்க முடியாமல் வானில் வட்டமிட்டுக் காத்திருந்தபோது தீப்பற்றி, மேரிலாந்தின் எல்க்டன் அருகே விழுந்தது. அதிலிருந்த 81 பேரும் இறந்தார்கள். இடது இறக்கையின் நுனியில் மின்னல் பட்ட தடங்கள் கிடைத்தன. அங்கிருந்த தொட்டியில் எரிபொருளுக்கு மேலே நிறைந்திருந்த ஆவி மின்னலால் பற்றி வெடித்திருக்கவேண்டும் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளோடு எளிதில் ஆவியாகும் ஜேபி-4 என்ற எரிபொருளும் கலந்திருந்தது அதற்குத் துணைபோனது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் எரிபொருள் தொட்டிகளை மின்னலிலிருந்து காப்பது கட்டாயமான கலையாக வளர்ந்தது. தொட்டியின் தகட்டுக் கனம், மூடிகளும் ஆணிகளும் பொறி எழுப்பாதபடி பொருந்துவது, ஆவி வெளியேறும் குழாயை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து மாற்றினார்கள். இப்போது பல விமானங்களில் ஆவி தீப்பற்றாதபடி, தொட்டியில் எரிபொருளுக்கு மேலுள்ள காலி இடத்தை நைட்ரஜன் மிகுந்த காற்றால் நிரப்புகிறார்கள். இறக்கையின் பின்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சிகளை இடிதாங்கி என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் வேலை, பறக்கும்போது உடலில் சேரும் மின்னூட்டத்தைக் கசியவிட்டு ரேடியோ இரைச்சலைத் தடுப்பது மட்டுமே. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவற்றின் உடல் கார்பன் இழையால் ஆனது. அது அலுமினியம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தோலுக்குள் மெல்லிய செம்பு வலையைப் பதித்துவிடுகிறார்கள்.

2019 மே 5 அன்று மாஸ்கோவில் சுகோய் சூப்பர்ஜெட் எரிந்து 41 பேர் இறந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே மின்னல் மின்னணுக் கருவிகளைக் குழப்பியது. விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிவந்து தரையில் மோதித் துள்ளி இறங்கியபோதுதான் எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது.

இறக்கைக்கு அருகில் உட்காரலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாக உட்காரலாம். மின்னலுக்கு எந்த வரிசையும் ஒன்றுதான். இடிமேகத்தில் உங்களைக் காயப்படுத்தக்கூடியது அதன் காற்றுக் குலுக்கல்; விமானிகள் ரேடாரில் பார்த்து அந்த மேகத்தைச் சுற்றிப் போவதும் முதன்மையாக அதற்காகத்தான். அதனால் இருக்கையை மாற்றுவதைவிட இறங்கும்வரை பெல்ட்டைக் கழற்றாமல் இருங்கள். மைத்துனருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.