1995-ல் பிரிட்டிஷ் ராக் குழுக்களான பிளரும் ஓயாசிஸும் மோதிய விற்பனைப் போட்டியில் பிளர் ஜெயித்தது. ஆனால் இன்றும் காதில் விழுவது ஓயாசிஸ் பாட்டுதானே, ஏன் என்று கேட்கிறீர்கள்.

அந்தப் போட்டி ஒரே ஒரு வாரத்துக்கானது. 1995 ஆகஸ்ட் 14 அன்று இரண்டு குழுக்களும் ஒரே நாளில் சிங்கிள் (தனியாக விற்கும் பாட்டு) வெளியிட்டன. பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்' சுமார் 2,74,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. ஓயாசிஸின் 'ரோல் வித் இட்' சுமார் 2,16,000. லண்டன் கல்லூரிப் பையன்களா, மான்செஸ்டர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளா என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. என்னைக் கேட்டால், இரண்டுமே அவரவரின் சிறந்த பாட்டு இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் சொல்வது 'வொண்டர்வால்' ஆகத்தான் இருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஓயாசிஸ் ஆல்பத்தில் இருக்கிறது. பிரிட்டனில் அது இரண்டாம் இடத்தைத்தான் தொட்டது. ஆனால் கிட்டார் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: கிட்டார் கழுத்தின் இரண்டாவது கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கீழே உள்ள இரண்டு மெல்லிய கம்பிகளில் ஊன்றிவிட்டால், பல்லவி வரும்வரை பெரும்பாலும் எடுக்கவே வேண்டாம். மற்ற இரண்டு விரல்களை நகர்த்தினால் போதும், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறிவிடும். கற்றுக்கொள்ள ஆரம்பித்த யாரும் சில நாளில் வாசித்துவிடலாம். அதனால்தான் விடுதி அறை, மெட்ரோ படிக்கட்டு, கல்யாண மேடை என்று எங்கும் அதே பாட்டு.

அதற்காக அதை வெறுத்துவிடாதீர்கள். நல்ல ஹெட்போனில் செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) நுழையும் இடத்தை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள், இன்னும் சிலிர்க்கும்.

அப்புறம், பகையும் தீர்ந்துவிட்டது. 2013-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஓயாசிஸின் நோயல் காலகரும் பிளரின் டேமன் ஆல்பர்னும் ஒரே மேடையில் பிளரின் 'டெண்டர்' பாடினார்கள்.